எமகண்டத்துக்கு முன் எடுத்த மணிகள்

அத்தியாயம் பதினான்கு

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் ஐந்து பேர் இருந்தார்கள்.

நீள மேசையின் தலைமாட்டில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், டீச்சர் பிரிசில்லா. இடது பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, ரயில்வேயில் ஓய்வு பெற்ற கண்ணாயிரம். காற்றுக்காகத்தான் முதல் நாளே அந்த இடத்தைப் பிடித்தார். காற்று அடித்தால் தீ ஆடும் என்று விசிறியை யாரும் போடுவதே இல்லை. ஆனாலும் அவர் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வலது பக்கம் காயத்ரி. அவளை ஒட்டிய ஸ்டூலில் அவள் அம்மா பவானி.

ஐந்தாவது ஆள் வகுப்பில் சேர்ந்தவர் அல்ல. வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை விரலில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தாள் பட்டம்மாள். காயத்ரியின் மாமியார்.

"நானும் வந்து பாக்குறேன்" என்று அவள் சொன்னதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். சொன்னபடி வந்துவிட்டாள்.

சிதம்பரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. கண்ணாடிக் கம்பியைத் தீயில் உருக்கி மணி செய்வது, செப்புக் கம்பியை வளைத்துக் கொக்கி போடுவது, கோர்ப்பது எல்லாம் அங்கே கற்றுத்தந்தார்கள். பவானி சனிக்கிழமைதோறும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி வந்தாள். மணி மேல் அவளுக்கு ஆசை கிடையாது. தீயைப் பார்த்தாலே பின்னால் சாய்வாள். அவள் செய்யும் மணிகள் இலுப்பைக் கொட்டை போல ஒரு பக்கம் வீங்கி இருக்கும். ஆனால் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கச் சம்மந்தி வீட்டு வாசலில் வாராவாரம் போய் நிற்க முடியாது. வகுப்பு என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள்.

அவள் எதிர்பார்க்காதது, காயத்ரிக்கு அந்த வேலை கைவந்துவிடும் என்பது.

புதுச்சேரியில் ஒரு கைவினை நிலையம் கண்ணாடி வேலைக்கு இரண்டு மாதப் பயிற்சி தருகிறது. அங்கேயே தங்க வேண்டும். முடித்து வந்தால், தான் எடுக்கும் பள்ளிக்கூட வகுப்புகளில் பாதியை விட்டுக்கொடுப்பதாகப் பிரிசில்லா சொல்லியிருந்தாள். நிலையத்தார் கேட்டது, ஒரே மாதிரி மூன்று மணிகளும், அவற்றைச் செய்த விதத்தைக் கைப்பட எழுதிய கடிதமும். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஆக, இன்றைக்கே தபாலில் போட்டாக வேண்டும்.

போகலாம் என்று பட்டம்மாள் சொல்லவில்லை. போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மணிகள் ஏற்கெனவே முடிந்து சூட்டுக் குண்டானில் கிடந்தன. மூன்றாவது காயத்ரியின் கையில் சுழன்றுகொண்டிருந்தது. கொரோனா நேரத்தில் அப்பாவுக்காகப் பிரிசில்லா வாங்கிய ஆக்சிஜன் இயந்திரம் இப்போது கண்ணாடி உருக்கும் டார்ச்சுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டு மூலையில் உறுமியது. ஊதாக் கண்ணாடி மாட்டிய காயத்ரி, வெள்ளைக் களிமண் பூசிய ஸ்டீல் கம்பியை உருட்டிக்கொண்டே இருந்தாள். அதன் நுனியில் கண்ணாடி தேன் போல ஏறியது.

"கையை நிறுத்தாத. நிறுத்தினா ஒரு பக்கமாத் தொங்கிடும்" என்றாள் பிரிசில்லா.

"நிறுத்தல டீச்சர்."

"கண்ணு சொக்குதே உனக்கு."

"கண்ணுதான் சொக்குது. கை சுத்துது."

கண்ணாயிரம் சிரித்தார். "நைட் டூட்டி பாத்த கேட் கீப்பர் மாதிரி இருக்கும்மா உன் மூஞ்சி. நாங்களும் அப்பிடித்தான். கண்ணு தூங்கும், கை கொடியாட்டும்."

"எங்க வீட்ல அப்பிடி ஒண்ணும் வேலை ஜாஸ்தி இல்லீங்களே" என்றது வாசலோர நாற்காலி.

கண்ணாயிரம் தன் கண்ணாடிக் கம்பிகளை அடுக்கத் தொடங்கினார்.

காயத்ரி விடியுமுன் எழுந்து, தங்கியிருக்கும் நாத்தனார் பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, இரண்டு வாளித் துணி அலசிவிட்டு வந்தவள் என்பது பவானிக்குத் தெரியும். காலையில் மகள் ஸ்டூலில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. பவானியும் வீட்டில் மூன்று வேளைச் சமையலையும் முடித்து மூடி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பட்டம்மாள் மட்டும் என்ன, இந்த மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று பெண்களுக்கும் பொதுவாக இருந்தது அலுப்பு ஒன்றுதான். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

"ஆச்சு" என்றாள் காயத்ரி.

பிரிசில்லா குண்டானைத் திறந்து, மற்ற இரண்டையும் கம்பியோடு ஒரு கணம் தூக்கி, அதன் சூட்டுக்கு மேலேயே பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே பருமன். ஒரே உருட்டு. சூட்டில் நிறம் தெரியாது. ஆறினால்தான் மயில்கழுத்து நீலம் வரும்.

"அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. இந்த மாதிரி நான் அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் செஞ்சேன்."

காயத்ரி ஊதாக் கண்ணாடியைக் கழற்றினாள். சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே கொட்டாவியாக மாறிவிட்டது.

மாடித்தோட்டக்காரர்கள் செடிக்குப் போடும் வெர்மிகுலைட் துகளை நிரப்பிய பழைய அலுமினியக் குண்டான் அது. அடியில் சின்னதாக ஒரு மின்அடுப்பு. மணிகளை உள்ளே புதைத்து, கம்பிகளின் வால் மட்டும் வெளியே தெரிய, பிரிசில்லா மூடினாள்.

"கொஞ்ச நேரம் இந்தச் சூட்டுலயே இருக்கட்டும். அப்புறம் அடுப்ப அணைச்சிடலாம். தானா ஆறணும். ரெண்டரைக்குத் திறப்போம். தபாலாபீஸ் கவுண்டர் மூணு மணிக்கு மூடிடுவாங்க."

"ரெண்டரையா?" என்றாள் பட்டம்மாள். "சனிக்கெழமை ஒன்றரைக்கு எமகண்டம் பொறந்துடுமே. மூணு வரைக்கும் இருக்கு."

பிரிசில்லா பொறுமையாகத் திரும்பினாள். "எங்களுக்கு அதெல்லாம் கெடையாதும்மா. கண்ணாடிக்கும் கெடையாது. அவசரப்பட்டு எடுத்தா வெடிச்சிடும். ஆறுற வரைக்கும் ஆறணும், அவ்ளோதான்."

"நான் ஒண்ணும் சொல்லல. காலண்டர்ல போட்டிருக்கறதச் சொன்னேன்."

சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தபோது பவானியின் கைபேசி அடித்தது. கடலூரிலிருந்து கணவர் கலியமூர்த்தி.

"ரசம் எதுல இருக்கு?"

"ஈயச் சொம்புல."

"ஈயச் சொம்பு எங்க இருக்கு?"

"ரசம் இருக்குற எடத்துல இருக்கு. மூடியத் திறந்து பாருங்க" என்று வைத்துவிட்டாள். பட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போலச் சிரித்ததைக் கண்ணாயிரம் மட்டும் பார்த்தார்.

கைகழுவப் போகிற சாக்கில் பவானி மகளின் பக்கம் குனிந்தாள். "அனுப்புநர்ல நம்ம வீட்டு அட்ரஸ் போடு. பதில் கடலூருக்கு வரட்டும்."

"ஏம்மா?"

"இங்க வந்தா யார் கையில கெடைக்கும்னு யோசி."

காயத்ரி வாசல் பக்கம் பார்த்தாள்.

அடுப்பை அணைத்துவிட்டு, சின்ன அட்டைப்பெட்டியும் நல்ல உறையும் வாங்கிவரப் பிரிசில்லாவும் காயத்ரியும் கீழே போனார்கள். கண்ணாயிரம் மேசையில் கைகளை மடித்து அதன்மேல் தலை வைத்தார். குறட்டை உடனே வந்தது. பட்டம்மாள் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தாள். கைப்பை வார் மட்டும் விரலில் சுற்றியபடி இருந்தது.

பவானி ஜன்னலோரக் கடப்பாக் கல் பலகையை ஈரத்துணியால் துடைத்தாள். சும்மா உட்கார அவளுக்கு வராது. துடைத்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரைக்குக் கொஞ்சம் இருந்தது.

காயத்ரியின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றியது எமகண்டத்தில். மாப்பிள்ளை வீட்டு வேன் தாமதமாக வந்தது. வந்தவர்களை நிறுத்தி வைக்க முடியாது என்று கலியமூர்த்தி தட்டை நீட்டிவிட்டார். அன்றைக்குப் பவானி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கல்யாணமான கையோடு மாப்பிள்ளை அருண்குமாரை வேலையில் ஓசூருக்கு மாற்றியதும், மாதத்துக்கு ஒருமுறை அவன் வந்துபோவதும், மகள் அந்த வீட்டில் புருஷன் இல்லாத மருமகளாக வேலை செய்வதும் என எல்லாவற்றையும் அவள் அந்தத் தட்டில்தான் கொண்டுபோய் வைத்தாள்.

இப்போது மறுபடியும் மகளுக்கு ஒரு நல்லது, மறுபடியும் எமகண்டத்தில்.

மணி வெடிக்கும் என்பது பவானிக்குத் தெரியாதா? தெரியும். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒரு நிமிஷம் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் என்ன என்று தோன்றியது. பயணம் கெட்ட நேரத்தில் அமைந்தால், முன்கூட்டியே நல்ல நேரத்தில் பெட்டியை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டில் வைப்பதில்லையா? பரஸ்தானம் வைத்தால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எப்போது கிளம்பினாலும் தோஷம் இல்லை. பெட்டிக்குச் செய்வதை மணிக்குச் செய்தால் ஆகாதா?

மூடியைத் தூக்கினாள். மூன்று கம்பிகளின் வாலையும் முந்தானையால் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். துகள் உதிர, மணிகள் வெளியே வந்தன. சிவப்பு போய்விட்டிருந்தது. ஆறிவிட்டது போலத்தான் இருந்தன. கிழக்கு முகமாக, துடைத்த கல்லின் மேல் வைத்தாள்.

டிக்.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக்.

பவானி நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். பல்லி கண்ணில் படவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டது. கிழக்குச் சுவர்தான். நல்லது. மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, மூன்றையும் துகளுக்குள் திரும்பப் புதைத்து மூடினாள். காலையிலிருந்து முதல்முறையாக ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டரைக்குக் காயத்ரி குண்டானைத் திறந்தாள்.

முதல் கம்பியில் மணி முழுசாக இருந்தது. மயில்கழுத்து நீலம். இரண்டாவதில் குறுக்கே முடி போல ஒரு கோடு. மூன்றாவது, கம்பியைத் தூக்கிய கையோடு இரண்டு பாதியாகப் பிரிந்து துகளிலேயே விழுந்தது.

பிரிசில்லா பாதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சூட்டோட யாரோ வெளிய எடுத்திருக்காங்க. தானா இப்பிடிப் பொளக்காது."

காயத்ரியின் பார்வை வாசல் பக்கம் போனது.

"அத்தை, நீங்க இதத் திறந்தீங்களா?"

"நானா?" பட்டம்மாள் நிமிர்ந்தாள். "இந்த முட்டிய வெச்சுனு நான் எந்திரிச்சா கீழ ஜெராக்ஸ் கடைக்காரனுக்குக் கேக்கும். நான் எந்திரிக்கல."

"நான் தூங்கிட்டேம்மா" என்றார் கண்ணாயிரம் அவசரமாக.

பவானி டிபன் டப்பாவின் மூடியை அழுத்தினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. மறுபடியும் அழுத்தினாள். மகளின் கண் இன்னும் மாமியார் மேலேயே இருப்பதைப் பார்த்தாள். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்தக் கண் அங்கேயே தங்கிவிடும்.

"அவுங்க இல்ல காயத்ரி. நான்தான்."

"நீயா?"

"பரஸ்தானமா எடுத்து, ஈரத்துணியால தொடச்ச கல்லு மேல வெச்சேன். ஒரு நிமிஷம். எமகண்டம் பொறக்கறதுக்கு முன்ன."

"மூணு மாசமா இங்க உக்காந்துனு இருக்கியேம்மா! டீச்சர் இப்பத்தான சொன்னாங்க?"

"உக்காந்துனுதான் இருந்தேன். நான் மணியப் பாக்கவா வந்தேன்?"

வாயிலிருந்து வந்துவிட்டது. பவானி சம்மந்தியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியும் சம்மந்தி" என்றாள் பட்டம்மாள். "மணி உருட்ட வராதவங்க வாராவாரம் ரயிலேறி வர்றதுக்கு வேற இன்னா இருக்கப்போவுது? வீட்டுக்கே வந்திருக்கலாம். ஒரு வாய் காப்பி குடுக்காமயா அனுப்பிடுவேன்?"

"இல்ல சம்மந்தி, அது..."

"நீங்க எடுத்ததையும் பாத்தேன். கண்ணத்தான் அரைகொறையா மூடியிருந்தேன், தூங்கல. பெத்தவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடும்னு விட்டுட்டேன்." அவள் கைப்பை வாரை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "நிச்சயத்தன்னிக்கு எங்க வேன் ஆலப்பாக்கத்துல பஞ்சரானத இன்னும் மனசுல வெச்சுனு இருக்கீங்க, இல்ல?"

"நான் எப்ப அப்பிடிச் சொன்னேன்?"

"சொல்லல. அதான் தெரியுது."

"நிறுத்துங்க, ரெண்டு பேரும்" என்றாள் காயத்ரி.

குரல் உயரவில்லை. அழுகையும் இல்லை. அழுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, பிளந்த மணியின் இரண்டு பாதியையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிரிசில்லா மெதுவாகச் சொன்னாள். "புதுசா செஞ்சா ஆற சாயந்தரம் ஆயிடும். கவுண்டர் இருக்காது. அடுத்த வருஷமும் கூப்புடுவாங்க காயத்ரி."

"அடுத்த வருஷம் நான் எப்பிடி இருப்பனோ டீச்சர். பேனா குடுங்க."

முன்பே எழுதி வைத்திருந்த கடிதத்தின் அடியில் இடம் இருந்தது. அங்கே நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

"மூன்று மணிகளையும் இத்துடன் அனுப்புகிறேன். மூன்றும் ஒரே அளவில் செய்தவை. ஒன்று பிளந்தும், ஒன்று விரிசல் விட்டும் உள்ளன. முழுதாக ஆறுமுன் வெளியே எடுத்து, ஈரமான கல்லின் மேல் வைத்ததே காரணம். பிளந்த மணியின் உட்புறத்தை அன்புகூர்ந்து பார்க்கவும். கண்ணாடியில் குமிழி இல்லை. கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் ஏறியிருப்பதைக் காணலாம். முழு மணியில் இதைக் காட்ட இயலாது."

பிரிசில்லா தோளுக்கு மேலாகப் படித்தாள். மணிப் பாதியை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தலையசைத்தாள்.

"யார் எடுத்தாங்கன்னு எழுதலையா?" என்றாள் பவானி.

"அத அவுங்க கேக்கல."

மணிகளைக் கம்பியிலிருந்து கழற்றி, பெட்டிக்குள் பஞ்சு வைத்து, மூன்றையும் வைத்து மூடினாள். கடிதத்தோடு அதை உறைக்குள் போட்டாள். பெறுநர் முகவரி எழுதினாள். பிறகு இடப்பக்கம் 'அனுப்புநர்' என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். பவானி எட்டிப் பார்த்தாள்.

காயத்ரி சிதம்பரத்து வீட்டு முகவரியை எழுதினாள்.

"இங்க குடு" என்று கை நீட்டினாள் பட்டம்மாள்.

கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். உறையை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, உதடு அசையப் படித்தாள். கண்ணாயிரம் குறட்டை விடுவதா விழித்திருப்பதா என்று தெரியாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு நம்பர் பழசப் போட்டிருக்க" என்றாள் பட்டம்மாள். "இத வெச்சு போஸ்ட்மேன் வந்தான்னா மூணாவது வீட்ல குடுத்துட்டுப் போயிடுவான். அவுங்க தீபாவளிக்குத்தான் எடுத்துனு வந்து தருவாங்க. அடிச்சிட்டுப் புது நம்பரப் போடு. அடிச்சது தெளிவாத் தெரியட்டும்."

காயத்ரி அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதினாள்.

பவானிக்கு உடம்பில் எதுவோ இறங்கினாற்போல் இருந்தது. அது நிம்மதிதான். நிம்மதியோடு இன்னொன்றும் சேர்ந்தே இறங்கியது. இரண்டு மாதம் இந்த ஸ்டூல் காலியாக இருக்கும். சனிக்கிழமை ரயிலுக்கு வேலை இல்லை.

தபால் நிலையத்துக்கு மூன்று பெண்களும் ஆட்டோவில் போனார்கள். நடக்கிற தூரம்தான். பட்டம்மாளுக்காக ஏறினார்கள். ஏறி உட்கார்ந்தபின் மூவருக்குமே அது வேண்டியிருந்தது தெரிந்தது.

அங்கே மேசையில் இருந்த கோந்துப் புட்டியைக் கவிழ்த்து, உறையின் ஓரம் முழுக்கத் தடவி, காயத்ரி விரலால் அழுத்தி ஒட்டினாள். அது போதாது என்று பட்டம்மாள் தன் பங்குக்கு உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"அத்தை! உள்ள கண்ணாடி!"

"அட ஆமா."

வரிசையில் நிற்கும்போது பட்டம்மாள் கேட்டாள். "அருண்குமாருக்கு எப்ப சொன்ன? அவன் இன்னா சொன்னான்?"

காயத்ரி திரும்பினாள். "நீங்க சொல்லியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்?"

"நான் எதுக்குச் சொல்றேன்? உன் புருஷன், நீ சொல்லியிருப்பன்னு நான் நெனச்சேன்." பட்டம்மாள் பவானியைப் பார்த்தாள். பவானி உதட்டைப் பிதுக்கினாள். "அவன் நாளைக்குக் காலையில வர்றான் காயத்ரி. லீவு போட்டுட்டு வர்றேன், ஒரு விஷயம் பேசணும்னு போன் பண்ணான்."

"இன்னா விஷயம்?"

"நேர்ல சொல்றேன்னு வெச்சிட்டான்."

அதற்குள் கவுண்டர் வந்துவிட்டது. உள்ளே இருந்த பெண் உறையை வாங்கித் தராசில் வைத்தாள். அவளுக்கும் மூட்டை கட்டும் நேரத்து அலுப்பு.

"உள்ள இன்னா?"

"கண்ணாடி மணி."

"உடையற பொருளா?"

"உடைஞ்சாச்சு மேடம்" என்றாள் காயத்ரி.

அந்தப் பெண் நிமிர்ந்து மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள். சிரித்தாளா என்று சொல்ல முடியாது. பார்கோடு பட்டையை ஒட்டினாள். முத்திரையை ஓங்கிக் குத்தினாள். உறை பின்னாலிருந்த தட்டில் மற்ற உறைகளோடு போய் விழுந்தது.

சுவரில் எங்கோ ஒரு பல்லி சொன்னது.

பவானி எந்தத் திசை என்று பார்க்கவில்லை. ஒருவர் வந்து, அந்தத் தட்டை அப்படியே சாக்குக்குள் கவிழ்த்து, வாயைச் சுருட்டிக் கட்டி, வெளியே நின்ற வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.